செதுக்கிய முகத்துக்கு வலை பின்னுவது பொத்தான் வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் முப்பரிமாண உருவாக்கத் துறை பற்றி வெளிவரும் தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களுக்காகக் கட்டணம் கட்டப்போகும் பெற்றோரும் இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் படித்து விவரம் தெரிந்துகொள்ள அத்தொடர் பெரிதும் உதவுகிறது. ஆனால், கணினியில் சிற்பம் செதுக்குவது பற்றிய அண்மைய பகுதியில், ரீடோபாலஜி என்ற வேலையைக் கட்டுரையாளர் இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வரிகளும் தவறானவை. செதுக்கி முடித்த உருவத்தின் பாலிகன்களின், அதாவது அதன் மேற்பரப்பை ஆக்கும் சிறு கட்டங்களின், எண்ணிக்கையைக் குறைப்பதே ரீடோபாலஜி என்பது முதல் வரி. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் அது முடிந்துவிடும் என்பது இரண்டாவது. சென்னையில் 14 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தே சம்பளம் வாங்குபவன் என்ற முறையில், அந்த வரிகளை நம்பி ஒரு மாணவர் தன் இரண்டு ஆண்டுகளைத் திட்டமிட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

கணினிக்குள் இருக்கும் உருவம் களிமண் சிலையைப் போல உள்ளே கெட்டியாக இருப்பதில்லை. அது வெறும் தோல். சின்னஞ்சிறு நாற்கோணங்களையும் முக்கோணங்களையும் ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய வலை. அதைத்தான் மெஷ் என்கிறோம். அந்த வலையில் எத்தனை கட்டங்கள் உள்ளன என்பது ஒரு கணக்கு. எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தோடு ஒட்டியிருக்கிறது, கோடுகள் எந்தத் திசையில் ஓடி எங்கே திரும்புகின்றன என்பது வேறு கணக்கு. டோபாலஜி என்று நாங்கள் சொல்வது இந்த இரண்டாவதை. செதுக்கிய உருவத்தின் மேல் கோடுகள் சரியாக ஓடும்படி புதிய வலை பின்னுவதுதான் ரீடோபாலஜி. ஒரே முகத்தை ஒரே எண்ணிக்கையிலான கட்டங்களைக் கொண்டு இரண்டு பேர் பின்னினால், ஒன்று சிரிக்கும்போது முகமாகவே இருக்கும். மற்றொன்று கசக்கிய காகிதமாகிவிடக் கூடும்.

செதுக்கும்போது இந்த வலை ஏன் கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இசட்பிரஷ் என்ற சிற்ப மென்பொருளில் ஒரு கோளத்தை எடுத்து, அதன் நெற்றியிலிருந்து கொம்பு ஒன்றை இழுத்தால், அந்த இடத்துக் கட்டங்கள் ரப்பர் போல நீண்டுவிடும். அதற்குமேல் கொம்பில் ஒரு வரியைக்கூடச் செதுக்க முடியாது. இந்தத் தொல்லையிலிருந்து சிற்பியை விடுவிக்கவே 2011இல் இசட்பிரஷில் டைனமெஷ் என்ற வசதி வந்தது. பிளெண்டர் மென்பொருளில் 2019 நவம்பரில் வெளியான 2.81 பதிப்பு, வாக்ஸெல் ரீமெஷ் என்ற பெயரில் ஏறத்தாழ அதே வசதியைத் தந்தது. உருவம் நிற்கும் இடத்தைச் சம அளவுள்ள நுண்ணிய கனசதுரங்களாகக் கூறுபோட்டு, அவற்றின் மேல் புதிதாகத் தோல் போர்த்துவதே இவை செய்யும் வேலை. சிற்பி வலையை மறந்துவிட்டு மண்ணைப் பிசைவது போல வேலை செய்யலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் புதிய தோலின் கோடுகள் மூக்கையும் கன்னத்தையும் பார்த்து ஓடுவதில்லை. கிராஃப் தாளின் கோடுகளைப் போலத் தம் போக்கில் ஓடுகின்றன. உதடுகளைச் சற்று நெருக்கமாகச் செதுக்கியிருந்தால், அடுத்த முறை ரீமெஷ் செய்தவுடன் அவை இரண்டும் ஒட்டிக்கொள்ளும். விரல்களுக்கும் அதே கதிதான். இப்படி 40 லட்சம், 50 லட்சம் கட்டங்களோடு ஒரு தலை உருவாகிவிடும். பார்க்க உயிரோடு இருப்பது போலத் தோன்றும் அந்தத் தலையால் ஒரு முறை கண் சிமிட்டக்கூட முடியாது.

எண்ணிக்கையைக் குறைப்பதற்கு டெசிமேஷன் என்ற தனி வேலை இருக்கிறது. சமதளமான இடங்களில் கட்டங்களைக் கரைத்து, நுணுக்கமான இடங்களில் விட்டுவைத்து, முழுவதையும் முக்கோணங்களாக்கித் தரும். 50 லட்சத்தை 5 லட்சமாக்கினாலும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கோடுகளைப் பார்த்தால்தான் உடைந்த கண்ணாடியின் விரிசல்களைப் போல எட்டுத் திசையிலும் சிதறிக் கிடக்கும். சிலையை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட வேண்டும் என்றால் இதுவே போதும். அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் இருப்பதே முக்கோணங்கள்தான்; அசையாத சிலைக்குக் கோடு எந்தப் பக்கம் ஓடினால் என்ன? பொம்மையோ நகை மாதிரியோ அச்சிடும் தொழிலுக்குப் போக நினைக்கும் மாணவர் ரீடோபாலஜிக்காக ஒரு மாதத்தைச் செலவிட வேண்டியதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அசைய வேண்டிய உருவத்துக்குத்தான் டெசிமேஷன் உதவாது. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

என் அம்மா தையல்காரர். வகுப்பில் இந்த விஷயத்தை விளக்க முயன்று தோற்ற ஒவ்வொரு முறையும் அவருடைய மேசைதான் கைகொடுத்திருக்கிறது. கிராஸ் கட்டிங் ரவிக்கைக்கு அவர் துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டுவார். துணி அதிகம் செலவாகும். ஆனால் இழைகள் குறுக்குச் சாய்வாக ஓடுவதால் உடம்பின் வளைவுக்குத் துணி இசைந்து கொடுக்கும். நேராக வெட்டினாலும் அதே அளவு, அதே துணிதான். கையைத் தூக்கினால் அக்குளில் இழுத்துப் பிடிக்கும். வலையின் கோடுகளும் இப்படித்தான். முழங்கையில் குறைந்தது மூன்று வளையங்களாவது கைக்குக் குறுக்கே ஒழுங்காகச் சுற்றி வந்தால்தான் மடக்கும்போது முட்டி முட்டியாகவே நிற்கும்; இல்லாவிட்டால் மடித்த ரப்பர் குழாயைப் போல அங்கே நசுங்கிவிடும்.

முகம் இதைவிடப் பல மடங்கு கடினம். கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் வட்டத் தசைகள் இருப்பதால் வலையும் அங்கே வட்டம் வட்டமாக ஓட வேண்டும். மாயா மென்பொருளின் குவாட் டிரா கருவியிலோ, டோபோகன் என்ற மென்பொருளிலோ, பிளெண்டரில் புதிய முனைகளைச் சிற்பத்தின் பரப்போடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கை இயக்கி வைத்துக்கொண்டோ, செதுக்கிய தலையின் மேல் ஒவ்வொரு கட்டமாகப் பதிக்கிறோம். நான் எப்போதும் கண்ணில் தொடங்குவேன். இமை விளிம்பில் முதல் வளையம், அதற்கு வெளியே இமை மடிப்புக்கு ஒன்று, புருவ எலும்பு வரை இன்னும் மூன்று நான்கு. மேலிமைதான் கண்விழியின் மேல் வழுக்கிக்கொண்டு நெடுந்தூரம் இறங்குகிறது, கீழிமை அதிகம் அசைவதில்லை என்பதால் மேலே நெருக்கமாகவும் கீழே சற்றுத் தளர்வாகவும் கட்டங்களை வைக்க வேண்டும். பிறகு வாய்க்கு வளையங்கள். அதன்பின், மூக்கின் சிறகிலிருந்து கிளம்பி வாயின் ஓரத்தைக் கடந்து முகவாய்க்கு அடியில் போய்ச் சேரும் ஒரு பெரிய வளையம். சிரிக்கும்போது கன்னம் மடியும் கோடு அதுதான்.

கண்ணின் வளையங்களும் வாயின் வளையங்களும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது. ஒழுங்கான வலையில் ஒரு முனையில் நான்கு கோடுகள் கூடும். இரண்டு வட்டங்கள் நெருங்கும் இடத்தில் மூன்று அல்லது ஐந்து கோடுகள் கூடும் முனை வந்தே தீரும். அந்த முனையை ‘போல்’ (pole) என்கிறோம். சில பயிற்சி வகுப்புகளில் ‘போலே’ இருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறார்களாம். அது நடக்காத காரியம். கணித மேதை ஓய்லரின் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால், துளையில்லாமல் மூடிய ஒரு வடிவத்தை முழுவதும் நாற்கோணங்களால் பின்னும்போது, ஒவ்வொரு முனையிலும் நான்கிலிருந்து எத்தனை கோடு குறைகிறது என்பதன் கூட்டுத்தொகை எப்போதும் 8 என்றே வரும். ஐந்து கோட்டு முனையைக் கழித்தல் ஒன்றாகக் கொள்ள வேண்டும். கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் மும்மூன்று கோடுகள் கூடுவதை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். ஆகவே ‘போல்’ இருக்கத்தான் செய்யும்; அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் கேள்வி. கன்னத்து எலும்பின் மேல் வைத்தால் யார் கண்ணிலும் படாது. வாயோரத்தில் வைத்தால் ஒவ்வொரு சிரிப்பிலும் கிள்ளி விட்டது போல ஒரு சுருக்கு விழும்.

அந்தச் சுருக்கு தானாகக் கரைந்து போகாது என்பதற்கும் காரணம் உண்டு. நாற்கோண வலையைப் படிப்படியாக மழமழப்பாக்க நாம் இன்றும் பயன்படுத்தும் முறையை கணினி வரைகலை ஆய்வாளர்களான எட்வின் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் 1978இல் வெளியிட்டார்கள். அந்த முறையில் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக எத்தனை தடவை பிரித்தாலும் ‘போல்’ ‘போலாகவே’ நிற்கும். சுற்றிலும் புதிய கட்டங்கள் முளைக்குமே தவிர அது மறையாது. முக அசைவுகளைத் தசை தசையாகப் பகுத்து எண்ணிட்ட உளவியலாளர்கள் எக்மன், ஃபிரீசன் இருவரின் முறை வெளியானதும் அதே 1978இல்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. வெவ்வேறு துறைகளில் நடந்த அந்த இரண்டு வேலைகளும் இன்று என் மேசையில் ஒரே முகத்தின் மேல் வந்து சேர்கின்றன.

இனி பொத்தானுக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரியல்ல. தானாகவே வலை பின்னும் கருவிகளில், இசட்பிரஷில் 2013இல் வந்த இசட்ரீமெஷர், 2015இல் ஆய்வாளர்கள் இலவசமாகவே வெளியிட்ட இன்ஸ்டன்ட் மெஷஸ், 2018இல் ஆய்வுக் கட்டுரையாக வந்து அடுத்த ஆண்டே பிளெண்டருக்குள் நுழைந்த குவாட்ரிஃப்ளோ ஆகியவையெல்லாம் உண்மையாகவே பெரிய சாதனைகள். பாறை, கவசம், மரம், தூரத்தில் நிற்கும் விலங்கு என்று வந்தால் நானும் அவற்றைத்தான் நம்புகிறேன். முக்கியமான முகத்துக்கும்கூட முதலில் இசட்ரீமெஷரை ஓட்டிப் பார்த்து, ஐயாயிரம் கட்டத்தில் உருவம் எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே கையில் எடுக்கிறேன். ஆனால் இந்தக் கருவிகள் எதைப் பார்த்துக் கோடு போடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பரப்பு எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறது என்பதைக் கணக்கிட்டு, அந்த வளைவுக்கு இணங்கக் கோடுகளை ஓடவிடுகின்றன. அதாவது, அசையாமல் இருக்கும் முகத்தை மட்டுமே அவை பார்க்கின்றன. பத்து வயதுப் பையனின் கன்னத்தில் சிரிப்பு மடிப்பு இல்லை. அது சிரித்தால்தான் வரும். செதுக்கிய முகத்தில் இல்லாத மடிப்பைப் பரப்பை மட்டும் அளக்கும் கருவி எங்கிருந்து பார்க்கும்? முதியவரின் முகமானால் கோடுகள் முன்பே விழுந்திருக்கும் என்பதால் கருவி ஓரளவு சரியாகவே போகிறது. குழந்தை முகத்தில்தான் மோசமாகத் தவறுகிறது. வழிகாட்டிக் கோடுகளை நாமே வரைந்து கொடுக்கும் வசதி இசட்ரீமெஷரில் இருக்கிறது. அதை எங்கே வரைவது என்று தெரிந்தவர் ரீடோபாலஜி தெரிந்தவராகத்தான் இருக்க முடியும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறுவன் பாத்திரத்தின் தலையை நான் செதுக்கினேன். காலக்கெடு நெருங்கியிருந்தது. கருவி கொடுத்த வலையைத் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் நாற்கோணம், பார்வைக்குச் சீராக இருந்தது, அனுப்பிவிட்டேன். அதன்மேல் என் சக பணியாளர் ஒருவர் பிளெண்ட் ஷேப்புகளைச் செய்யத் தொடங்கினார். கண் மூடல், புருவ உயர்வு, உதட்டுக் குவிப்பு என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தனி முகம். ஐபோன் கேமரா வழியாக முக அசைவைப் பின்தொடரும் ஆப்பிளின் ஏஆர்கிட் பட்டியலில் மட்டும் இப்படி 52 உள்ளன. அவர் ஏறக்குறைய முழுவதையும் முடித்த பிறகுதான், இடப்பக்க வாயோரத்தில் சிரிப்பு ஏறும்போதெல்லாம் ஒரு பல்லி ஓடுவது போல நெளிவு வருவதைக் கண்டோம். அந்த இடத்தில் ஒரு விளிம்பைத் தேர்ந்தெடுத்து, அது எந்த வளையத்தைச் சேர்ந்தது என்று பார்த்தேன். வாயைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் மூட வேண்டிய வளையம், ஒரு கட்டம் தள்ளி இறங்கி, மறுபடி சுற்றி, முகவாய்க்குப் போய், கழுத்தை நான்கு சுற்றுச் சுற்றிக்கொண்டு முதுகில் இறங்கியிருந்தது. முறுக்குப் பிழிந்தது போல ஒரே சுருள். தானியங்கிக் கருவிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். நான் பார்க்கத் தவறினேன்.

வலையைத் திருத்தினால் போதாதா என்று வெளியிலிருப்பவர்கள் கேட்பார்கள். போதாது. பிளெண்ட் ஷேப் என்பது, இன்ன எண்ணுள்ள முனை இவ்வளவு தூரம் நகர வேண்டும் என்ற பட்டியல்தான். வலையை மாற்றிப் பின்னியதும் முனைகளின் எண்ணிக்கையும் வரிசையும் மாறிவிடும். பழைய பட்டியலை அப்படியே புதிய முகத்தில் ஏற்றினால் மூக்கு காதுக்குப் போய்விடும். உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புகள் தோலை எவ்வளவு இழுக்கும் என்று நிர்ணயித்த வெயிட், வண்ணம் தீட்டுவதற்காகத் தோலைத் தட்டையாக விரித்த யூவி விரிப்பு, அதன்மேல் தீட்டிய வண்ணம் ஆகிய எல்லாமே அந்த வலையை நம்பி நிற்பவை. சிலவற்றைப் புதிய வலைக்கு மாற்றியெடுக்கக் கருவிகள் உண்டு என்றாலும் முகத்தின் நுணுக்கம் அதில் தப்பிப் பிழைக்காது. அந்த நண்பர் வாய்ப் பகுதியின் வேலை முழுவதையும் மறுபடி செய்தார். என்னைத் திட்டவில்லை, மூன்று நாள் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை.

சரியான வலை கிடைத்த பிறகு செதுக்கிய நுணுக்கங்கள் என்ன ஆகும் என்ற ஐயம் வாசகர்களுக்கு எழலாம். அவை வீணாவதில்லை. ஐயாயிரம் கட்டமுள்ள புதிய வலையைப் பழைய சிற்பத்தின் மேல் வைத்து ஒரு முறை பிரித்தால் 20 ஆயிரம். ஒவ்வொரு பிரிப்பிலும் நான்கு மடங்கு ஆகி, ஐந்தாம் பிரிப்பில் 51 லட்சத்து 20 ஆயிரம். ஒவ்வொரு படியிலும் பழைய சிற்பத்தின் பரப்பை இதன்மேல் பதித்துக்கொண்டே போனால் தோல் துளை வரை திரும்பி வந்துவிடும். விளையாட்டுகளுக்கானால் அந்த நுணுக்கத்தை நார்மல் மேப் என்ற படமாகப் பதிவுசெய்து குறைந்த கட்டமுள்ள வலையின் மேல் ஒட்டிவிடுகிறோம்.

பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு தலைக்கும் யாரும் புதிதாக வலை பின்னுவதில்லையே என்று துறையிலுள்ளவர்கள் மறுக்கலாம். உண்மைதான். ஏற்கெனவே சோதித்துத் தேறிய ஒரு தலை வலையைப் புதிய சிற்பத்தின் மேல் போர்த்திவிடுவது இன்று பரவலான வழக்கம். அப்படிப் போர்த்தும்போது வாயோரம் வாயோரத்திலும் இமை இமையிலும் வந்து உட்கார்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் அங்கேயும் தேவைப்படுகிறார். ஆறு கண்ணும் தும்பிக்கையும் உள்ள ஒரு விலங்கு வந்தால் போர்த்துவதற்கு எந்த வலையும் இருக்காது. அன்றைக்குக் கையால்தான் பின்ன வேண்டும்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், நேர்முகத் தேர்வுகளில் நான் பார்ப்பவை. பல பயிற்சி நிலையங்களில் செதுக்குவதற்கு மாதக்கணக்கில் வகுப்பு எடுக்கிறார்கள். ரீடோபாலஜிக்கு ஒரு பிற்பகல். பிள்ளைகள் கொண்டுவரும் படத்தொகுப்பில் பளபளக்கும் அரக்கர்களும் வீரர்களும் வரிசையாக நிற்கிறார்கள். வலையைக் காட்டுங்கள் என்று கேட்டால் பாதிப் பேர் மடிக்கணினியை மூடிவிடுகிறார்கள். சென்ற மாதம் வந்த ஒரு பெண், பெரிதாகக் கண்ணைக் கவராத ஒரு பாட்டியின் முகத்தைக் காட்டினார். கூடவே, வலையைத் தான் மூன்று முறை மாற்றிப் பின்னியதையும், ஒவ்வொன்றிலும் அந்தப் பாட்டி கண்ணை மூடும்போது எங்கே சரியில்லாமல் போனது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அவரிடம் வேறு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. பெற்றோர் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்த மாணவர் ஒருவர் செய்த முகத்தைக் கண் சிமிட்டவும் சிரிக்கவும் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது. அதற்குத் தொழில் அறிவு எதுவும் வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

தங்கள் தொடரின் அடுத்த பகுதி வண்ணம் தீட்டுவது பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன், டெசிமேஷனும் ரீடோபாலஜியும் வேறு வேறு என்ற அளவிலாவது ஒரு திருத்தத்தை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், முடித்த முகத்தின் படத்தோடு அதன் வலைக்கோட்டுப் படத்தையும் அருகருகே போடுங்கள். அதற்கு வண்ணப் பக்கம் தேவையில்லை; கறுப்பு வெள்ளையிலேயே நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
முப்பரிமாண உருவ வடிவமைப்பாளர்,
கோடம்பாக்கம், சென்னை.